பதினெட்டு கிலோவும் ஆறு கிலோவும்

ஏப்ரல் 3

தம்பிக்கு,

நாலு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை ஒரு நர்ஸ் எடுத்து, "அவர் தூங்கறாரும்மா" என்றாள். பகல் பதினோரு மணிக்குத் தூங்குகிற ஆளா நீ? பின்னால் நீ இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதனால்தான் கடிதம். போனை எடுக்காமல் இருந்துவிடலாம். பிரிக்காத கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சும்மா கிடக்க உனக்குப் பொறுமை கிடையாது. சாமான் வண்டி டிரைவர் அண்ணன் தினமும் கீழே வருகிறார். உன் கையில் கொடுத்துப் பதிலையும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒருத்தி கூடப்பிறந்தவள் என்று இருந்தும் எட்டிப் பார்க்கவில்லையே என்று நினைத்திருப்பாய். விசாரணை முடிகிற வரை நிலையத்தை விட்டு நகரக் கூடாது என்று தலைவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று என் ஈய முத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருஷம் பாராசூட் மடித்திருக்கிறேன். மடித்து முடித்த ஒவ்வொரு பையிலும் ஏழாம் எண்ணைக் குத்தியிருக்கிறேன். நம் நிலையத்தில் எவன் காட்டுத் தீக்குள் குதிக்கப் போனாலும் பையைத் திருப்பிப் பார்த்து, "ஏழா? அப்ப சரி" என்பான். இப்போது சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

மார்ச் 22 அன்று நாலு பேர் குதித்தீர்கள். முதல் இருவரும் ஒழுங்காக இறங்கினார்கள். அவர்களுடைய குடை நாலாம் எண்காரர் மடித்தது. நீயும் புதிதாகச் சேர்ந்த குருவியும் கடைசி ஜோடி. இரண்டு குடையும் நான் மடித்தவை. நீ வேகமாக வந்து பாறையில் விழுந்து வலது கால் எலும்பு முறிந்து, இடது குதிகால் நொறுங்கியது. குருவியோ இறங்கவே மாட்டேன் என்று காற்றில் போய், எரிகிற சரிவில் ஒரு மரத்தில் நாற்பது நிமிஷம் தொங்கினாள். ஒரு குடை வேகம், ஒரு குடை மெதுவு, இரண்டும் ஏழு. விசாரணைக் குழுவில் மூன்று பேரும் தலையை ஆட்டிவிட்டார்கள். உன் குடை பாறையில் கிழிந்தது, அவளுடையது எரிந்து போனது. பிரித்துப் பார்க்க எதுவும் இல்லை. பதினெட்டாம் தேதி கடைசி விசாரணை. அன்றைக்குத் தப்பு என்னுடையது என்று ஆகிவிட்டால் என் முத்திரையை உருக்கிவிடுவார்கள்.

உன் வாக்குமூலத்தைப் படித்தேன். ஒரே வரி. "குடை வேகமாக இறங்கியது, காரணம் தெரியாது." ஒரு சட்டைப் பொத்தான் அறுந்தாலே அரை மணி நேரம் கதை சொல்கிறவன் நீ. கல்லுளிமங்கன் மாதிரி ஏன் ஆனாய்? விமானத்தின் கதவு திறந்த பிறகு என்னடா நடந்தது?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

டிரைவர் அண்ணன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பதில் வாங்காமல் போகக் கூடாது என்று உத்தரவாம். இரண்டு ஆரஞ்சு வாங்கி வந்து அவரே ஒன்றை உரித்துச் சாப்பிடுகிறார்.

நான் நன்றாக இருக்கிறேன். வலது காலில் தகடும் ஆணியும் வைத்திருக்கிறார்கள். இடது குதிகாலை இரண்டாவது தடவை அறுக்க வேண்டுமாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயின்டர், ஏணியிலிருந்து விழுந்தவர். நான் விமானத்திலிருந்து விழுந்தேன் என்று சொன்னதும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவர் கதையின் மதிப்பைக் குறைத்துவிட்டேனாம்.

நான் உன்மேல் பழி சொல்லவில்லை, அக்கா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குடை விரிந்தது, மேலே பார்த்தேன், வட்டமாகத்தான் இருந்தது. கயிறு எதுவும் முறுக்கவில்லை. ஆனால் தரை சீக்கிரம் வந்தது, அவ்வளவுதான். இதை எழுதிக் கொடு என்றால் கொடுக்கிறேன். ஏழாம் எண் நல்லபடி மடித்திருந்தாள் என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் எதற்கு? நடந்தது நடந்துபோச்சு. குருவிக்கு எப்படி இருக்கிறது? அவள் கையைப் பற்றி இங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

போன மாதம் உன்னைக் கல் நெஞ்சக்காரி என்று சொன்னேன். அந்தப் பேச்சை இப்போது ஆரம்பிக்காதே. நான் ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

சம்பந்தம் இருக்கிறது. நீ மறைக்க நினைத்தாலும் காற்று மறைக்கவில்லை.

நேற்று கதவுக்காரரைப் பிடித்தேன். விமானக் கதவில் படுத்துக்கொண்டு, "போ" என்று தோளில் தட்டுகிற மனுஷன். ஒவ்வொரு குடையும் விரிந்ததிலிருந்து கால் தரையில் படுகிற வரை ஸ்டாப் வாட்ச் பிடித்துக் குறிப்பேட்டில் எழுதுவது அவர் வழக்கம். நானூறு மீட்டர் இறங்க உனக்கு 69 விநாடி. குருவிக்கு 96. குழுவும் இதே எண்களைத்தான் பார்த்தது. பார்த்துவிட்டு, "சரியா மடிக்கல" என்றது.

எனக்கு அப்படித் தெரியவில்லை. தப்பாக மடித்த குடை கோணலாக விரியும், சுழலும், ஆடும். "ரெண்டும் தட்டு மாதிரி நின்னுச்சும்மா" என்கிறார் அவர். நீயும் அதையே எழுதியிருக்கிறாய். நல்ல குடை ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் இறங்குவதற்கு நாங்கள் ஒரே காரணம்தான் படித்திருக்கிறோம். தொங்குகிற எடை.

மடிப்பு அறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறதே, நீங்கள் யாரும் சீந்தாத பலகை. எந்த எடைக்கு எத்தனை விநாடி என்று அதில் எழுதியிருக்கும். குடை ஒன்றுதான், துணி ஒன்றுதான். எடை கூடினால் வேகம் கூடும், ஆனால் அதே கணக்கில் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நாலு மடங்கு தள்ளும். அதனால் எடையை நாலு மடங்காக்கினால்தான் வேகம் இரண்டு மடங்காகும். மேலே 110 கிலோவில் சிவப்புக் கோடு, அதற்கு மேல் பலகையே கிடையாது. கீழே 80-ல் ஒரு நீலக் கோடு. அதை எவனும் பார்த்ததில்லை. எண்பதுக்குக் கீழே நம்மிடம் யாரும் இருந்ததில்லை, குருவி வருகிற வரைக்கும்.

அவள் எடைச் சீட்டில் 88. உடம்பு, சாமான், பம்ப் எல்லாம் சேர்த்து. 88-க்கு 85 விநாடி ஆக வேண்டும். ஆனது 96. பலகையில் 96-க்கு நேராக விரலை வைத்தேன். 70 என்று இருந்தது. பதினெட்டு கிலோ காணோம், தம்பி. நிலையத்தில் பதினெட்டு கிலோ எடையுள்ள சாமான் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் பம்ப்.

போன மாதம் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் என்ன கத்தினாய்? "சின்னப் பொண்ணு தலையில பம்ப்பைக் கட்டறியே, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?" நானும் வீம்புக்கு, "என் வேலை எனக்குத் தெரியும்" என்று எழுந்து போய்விட்டேன். அன்றைக்கே உன்னை இழுத்து வந்து பலகைக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். பம்ப்பை அவளுக்குக் கொடுத்ததே அவள் ஒல்லி என்பதால்தான். அந்த எடை இல்லாவிட்டால் அவள் நீலக் கோட்டுக்குக் கீழே போவாள், காற்று தூக்கிக்கொண்டு போகும். பதினோரு விநாடி கூடுதலாகக் காற்றில் இருந்தாள். அன்றைய காற்றுக்கு அது ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர். இறங்க வேண்டிய வெட்டவெளி முடிந்து, எரிகிற சரிவு ஆரம்பிக்கிற இடம்.

இன்று காலை குருவியின் அறைக்குப் போனேன். மரத்திலிருந்து கயிற்றில் வழுக்கி இறங்கியதில் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருக்கிறது. தேநீர்க் கோப்பையை மணிக்கட்டால் பிடித்துக் குடிக்கிறாள். பம்ப்பைப் பற்றிக் கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "கதவுகிட்ட நிக்கும்போது என் பையிலேர்ந்து உருவி அவர் பையில திணிச்சுக்கிட்டாரு. வேணாம்னு கத்தினேன், இன்ஜின் சத்தத்துல கேக்கல. அதுக்குள்ள தோள்ல தட்டிட்டாங்க. அவரே சொல்லட்டும்னுதான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருக்கேன். பதினெட்டு கிலோவைத் தூக்கத் தெரிஞ்சவருக்கு இதைச் சொல்லத் தெரியாதா?"

பதினெட்டாம் தேதிக்குள் குழுவுக்கு எழுது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

ஆமாம். எடுத்தேன்.

அதற்கு முந்தைய குதிப்பில் அவள் இறங்கியதைப் பார்த்தேன். பம்ப்போடு விழுந்து எழுந்து நொண்டினாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு நேராக நடந்தாள். அதனால்தான் உன்னோடு சண்டை போட்டேன். நீ மதிக்கவில்லை. சரி, நானே தூக்கிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

முட்டாள்தனமாகச் செய்யவில்லை என்று நீ நம்ப வேண்டும். விமானத்தில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். பதினெட்டு கிலோ கூடினால் வேகம் பத்தில் ஒரு பங்குகூடக் கூடாது. அது என்ன பெரிய விஷயம், முட்டியை மடக்கி உருண்டுவிடலாம் என்று நினைத்தேன். தரையில் படுகிற அடியைப் பற்றி யோசிக்கவே இல்லை. விழுந்த வேகத்தில் பம்ப் பாறை இடுக்கில் உருண்டு போனது, என்னைத் தூக்க வந்தவர்கள் கண்ணில் படவில்லை. இங்கே எலும்பு டாக்டர் விளக்கினார். எடையும் கூடி வேகமும் கூடினால் இரண்டும் சேர்ந்து அடிக்குமாம். "வேகம் கொஞ்சம்தான் கூடியிருக்கும் தம்பி, ஆனா உங்க கால் வாங்கினது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு" என்றார்.

என் கால் போகட்டும். எடை குறைந்தாலும் ஆபத்து என்று எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. மெதுவாக இறங்கினால் நல்லதுதானே என்று நினைத்தேன். பாறையில் கிடந்தபடி அவள் குடை என் தலைக்கு மேலே போவதைப் பார்த்தேன். போய்க்கொண்டே இருந்தது. புகைக்குள் போய் மறைந்தது. அந்த நாற்பது நிமிஷமும் என் கால் வலித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாயே, இதை எந்த வாயால் சொல்வது?

ஆனால் குழுவுக்கு எழுத மாட்டேன். எழுதினால் என் குதிப்பு உரிமம் போய்விடும். ஒரு வருஷத்தில் மறுபடி நடக்கலாம், ஒன்றரை வருஷத்தில் குதிக்கலாம் என்று டாக்டர் இழுத்து இழுத்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டிலில் கிடக்கிறேன். குருவியையும், சாமானைக் கைமாற விட்டாய் என்று துரத்திவிடுவார்கள். நீ மட்டும்தான் தப்பிப்பாய். கொஞ்சம் டயம் கொடு. தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேள்.

தம்பி


ஏப்ரல் 12

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேற்றுக் கடிதம் போன பிறகு ஒன்று நடந்தது.

குதிகால் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க எடை வேண்டும் என்று என் அட்டையை எடுத்தார்கள். மார்ச் 22 இரவு ஸ்ட்ரெச்சரோடு வைத்து எடை போட்டு, ஸ்ட்ரெச்சரின் எடையைக் கழித்து எழுதிய அட்டை. நர்ஸ் உரக்கப் படித்தாள். "தொண்ணூத்திரண்டு."

நான் சிரித்தேன். இல்லை சிஸ்டர், எண்பத்தாறு என்றேன். 110 எங்கள் உச்சவரம்பு, சாமான் 24, மிச்சம் 86, அதற்கு மேல் இருந்தால் எங்கக்கா எடை மேடையை விட்டே இறக்கிவிடுவாள் என்றேன். அவள், "எங்க தராசு பொய் சொல்லாது சார்" என்று போய்விட்டாள்.

பெயின்டரிடம் பென்சில் வாங்கினேன். நீ சொல்லிக் கொடுத்த விதியையே வைத்துக்கொண்டேன். 110 கிலோவுக்கு 76 விநாடி, அந்த ஒன்று எனக்கும் மனப்பாடம். எனக்கு ஆனது 69. 76-ஐ 69-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 110-ஆல் பெருக்கினேன். மூன்று தடவை போட்டேன். நூற்று முப்பத்து மூன்றரை. அதாவது என் குடையில் இருபத்துமூன்றரை கிலோ கூடுதலாகத் தொங்கியிருக்கிறது. பம்ப் பதினெட்டு. மிச்சம் ஐந்தரை, ஆறு. தொண்ணூற்றிரண்டில் எண்பத்தாறு போனாலும் ஆறு.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். குருவியின் கணக்கை விரல் வைத்துப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். என் கணக்கைப் போடவே இல்லை. 69 என்று எழுதிவிட்டு அப்படியே தாண்டிப் போயிருக்கிறாய். நூலில் ஒரு முடிச்சு தப்பினாலும் முழுக் குடையையும் பிரிக்கிறவள் நீ, இதை மறந்தாய் என்று நான் நம்ப வேண்டுமா?

எடை மேடையின் முள்ளை நாங்கள் பார்ப்பதில்லை. குதிக்கிறவன் முள்ளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், பார்த்தால் ஆகாது என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள், நாங்களும் நிற்கிறோம். பார்க்கிறது குடை மடித்தவர் மட்டும்தான், எனக்கு அது நீ. அன்றைக்கு முள் எங்கே நின்றது?

தம்பி


ஏப்ரல் 14

தம்பி,

116-ல் நின்றது.

இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். முதலில் உன்னைத் திட்டி எழுதினேன். பிறகு மேடை பழசு, முள் தள்ளாடும் என்று எழுதினேன். அந்த மேடையை வாரா வாரம் சரிபார்ப்பவள் நான்தான்.

அன்று காலை நீ ஏறி முதுகைக் காட்டி நின்றாய். நாம் பேசிக்கொள்ளாத வாரம். முள் 116-க்குப் போனது. மேடையை உதைத்தேன். மறுபடியும் 116. வெளியே விமானம் சுற்ற ஆரம்பித்திருந்தது. நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நீ அன்று தரையில் உட்கார்ந்திருப்பாய். சாப்பாட்டு அறையில் திட்டியதற்குப் பழிவாங்குகிறாள் என்று நிலையம் முழுக்க நினைத்திருக்கும். நீயும் நினைத்திருப்பாய். இல்லை என்று சொல்லு பார்க்கலாம்.

அது மட்டும் இல்லை. போன வருஷம் முழங்கால் வலி என்று இரண்டு மாதம் உன்னை உட்கார வைத்தார்களே, அப்போது நீ இருந்த இருப்பை நான் பார்த்தேன். விமானச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாய். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வரும். மறுபடி அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஆறு கிலோதானே, இரண்டு விநாடிதானே என்று சாக்பீஸை எடுத்து உன் பையில் 110 என்று எழுதினேன். சீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீயும் விமானத்தில் உட்கார்ந்து "என்ன பெரிய விஷயம்" என்று நினைத்ததாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

உன் கணக்கை நான் போட்டேன். குருவியின் கணக்குக்கு முன்னாலேயே போட்டேன். இருபத்துமூன்றரை வந்தது. உடனே தாளைக் கசக்கி அடுப்பில் போட்டேன். உன்னைக் கல்லுளிமங்கன் என்று திட்டி எழுதியவளே நான்தான். எனக்கு அசிங்கமாக இருக்கிறது. நீ கண்டுபிடித்தாய் என்று கோபமும் வருகிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

இப்போது உன் கையில்தான் எல்லாம் இருக்கிறது. பம்ப்பைப் பற்றி நீ சொன்னால் உன் 69 விநாடியை அவர்கள் மறுபடி எடுப்பார்கள், என் ஆறு கிலோ வெளியே வரும். நீ சொல்லாவிட்டால் சரியாக மடித்த இரண்டு குடைக்காக என் முத்திரை போகும். எப்படியும் போகும். ஆனால் போகிற காரணம் வேறு.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கேள், குறுக்கே பேசாதே.

குழுவுக்கு நான் எழுதுகிறேன். பம்ப்பை எடுத்தேன் என்று எழுதுகிறேன். குருவிக்குத் தெரியாமல் எடுத்தேன், அவள்மேல் குற்றம் இல்லை என்று எழுதுகிறேன். அதோடு ஆறு கிலோ தண்ணீர் கேன் ஒன்றையும் திருட்டுத்தனமாக வைத்திருந்தேன் என்று சேர்த்துவிடுகிறேன். பதினெட்டும் ஆறும் இருபத்துநாலு. கணக்கு உட்கார்ந்துவிடும். ஆஸ்பத்திரி அட்டையை யாரும் கேட்க மாட்டார்கள். உன் சீட்டு உண்மைச் சீட்டு ஆகிவிடும். முத்திரை உன் கைக்கு வந்துவிடும்.

என் உரிமம் எப்படியும் போகிறது. இன்று காலை பெரிய டாக்டர் வந்தார். இழுக்காமல் நேராகச் சொன்னார். "நடக்கலாம். குதிக்கிறதை மறந்துடுங்க." பெயின்டர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அழுததை அவர் பார்க்கக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது. நல்ல மனுஷன்.

ஆக எனக்கு இனிமேல் இழக்க ஒன்றும் இல்லை. இதில் ஒருத்தராவது முழுசாக வெளியே வரட்டுமே. டிரைவர் அண்ணனிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு போதும். நாளைக்கே எழுதிவிடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. குதிக்க முடியாது என்று சொன்ன இடத்தில் இல்லை. அதற்கும் அழுதேன், அது வேறு. தண்ணீர் கேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்.

மறுபடியும் அதே வேலை செய்கிறாயடா. அடுத்தவள் எடையை உருவி உன் பையில் திணித்துக்கொள்கிறாய். போன தடவை குருவியைக் கேட்காமல் செய்தாய், இந்தத் தடவை என்னைக் கேட்டுச் செய்கிறாய், அதுதான் வித்தியாசம். குருவி நேற்று என்னிடம், "யாரு கேட்டாங்க என்னைக் காப்பாத்தச் சொல்லி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அவளை எடை குறைந்தவளாக ஆக்கிக் காற்றில் விட்டது நீ. உன்னை எடை குறைந்தவனாக எழுதிப் பாறையில் விட்டது நான். நாம் இரண்டு பேரும் பாசம் என்றுதான் செய்தோம்.

தண்ணீர் கேன் பொய்யில் என் முத்திரை திரும்பி வந்தால், நாளைக்கு வேறு ஒருவன் மேடையில் ஏறி முதுகைக் காட்டுவான். அவனுக்கும் வீட்டில் ஏதாவது கஷ்டம் இருக்கும். நான் மறுபடியும் ஆறு கிலோதானே என்று நினைக்க மாட்டேன் என்று எனக்கே நிச்சயம் இல்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உப்பைத் தின்றவள் நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குக் குழுவுக்கு முன்னால் போய் 116 என்று சொல்லப் போகிறேன். உன் பதினெட்டை நான் சொல்ல மாட்டேன். அது உன்னுடையது. சொல்வதா வேண்டாமா என்று நீ முடிவு செய். குருவியும் வாயைத் திறக்க மாட்டாள். வண்டி எட்டு மணிக்கு உன்னிடமிருந்து கிளம்பும்.

அக்கா


ஏப்ரல் 18, காலை 7.40

குழுவுக்கு,

மார்ச் 22 அன்று என்னோடு குதித்தவருடைய பையிலிருந்து பதினெட்டு கிலோ தண்ணீர் பம்ப்பை அவர் வேண்டாம் என்று மறுத்தும் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். நான் வேகமாக விழுந்ததற்கும் அவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டதற்கும் அதுவே காரணம். இரண்டு பாராசூட்டும் சரியாக விரிந்தன. மடிப்பில் எந்தக் குறையும் இல்லை. வேறு எந்தப் பொருளும் என் பையில் கூடுதலாக இல்லை.

(அக்கா, இதை நீயே அவர்கள் மேஜையில் வை. கடைசி வரியை நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்தேன். அதை எழுதும்போது உன்னைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. நீ கேட்டதால்தான் விட்டுவைத்தேன்.)


மே 26

தம்பிக்கு,

தீர்ப்பு தபாலில் உனக்கும் வந்திருக்கும். ஆனாலும் நான் சொல்ல வேண்டும். மடிப்பில் குறையில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த வரியை நாலு தடவை படித்தேன். அடுத்த வரியில் பொய்ச் சீட்டுக்காக இரண்டு காட்டுத்தீப் பருவத்துக்கு என் முத்திரையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். உருக்கவில்லை. தலைவர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நான் இப்போது தையல் பிரிவில். குருவிக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று, அவ்வளவுதான். உன் உரிமத்தை ரத்து செய்தது உனக்கே தெரியும்.

சாப்பாட்டு அறையில் பேச்சு நிற்பதில்லை. முன்பு மாதிரியும் இல்லை. நாலாம் எண்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் ஒரு தடவை நாலு கிலோ" என்று மெதுவாக ஆரம்பித்தார். என்னிடம் சொல்லாதீங்க, தலைவர்கிட்ட சொல்லுங்க என்றேன்.

குருவிக்கு என்று சின்னக் குடை ஒன்று தைக்கிறேன். துணியின் விட்டத்தைக் குறைத்துவிட்டால் பம்ப் இல்லாமலே அவள் 85 விநாடியில் இறங்குவாள். இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றவில்லை பார். எடை பத்தாது என்றால் பம்ப்பைக் கட்டு என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்த விஷயத்தில் நீ கத்தியது முழுக்கத் தப்பில்லை. எழுதிவிட்டேன், இதைக் காட்டிக் காட்டி வாழ்நாள் முழுக்க என் உயிரை எடுக்காதே.

நேற்று அவள் முதல் தடவையாக மறுபடி மேடையில் ஏறினாள். நான் தையல் மெஷினிலிருந்து எட்டிப் பார்த்தேன். கை இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. எல்லோரும் மாதிரி முதுகைக் காட்டி நின்றாள். பிறகு அப்படியே திரும்பி முள்ளைப் பார்த்து நின்றாள். "ஏய், பார்த்தா ஆகாது" என்று வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "பார்க்காததனாலதான் ஆகாமப் போச்சு" என்றாள். மடிப்பவர் எழுதுகிற வரை இறங்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவன் கொஞ்சம் தயங்கிவிட்டு அவனும் திரும்பி நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தடை போய்விட்டது. ஆரஞ்சு கொண்டு வருகிறேன், டிரைவர் அண்ணன் கையில் கொடுக்காமல்.

அக்கா


மே 28

அக்கா,

இன்று காலை ஊன்றுகோல் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு, கம்பியைப் பிடிக்காமல் எடை மேடையில் ஏறினேன். நர்ஸ் ஒருத்தியும் பெயின்டரும் சாட்சி. ஏறியதும் பழக்கத்தில் முதுகுதான் திரும்பியது. கால் வலிக்க வலிக்கத் திரும்பி நின்றேன். முள் ஆடி ஆடி நிற்கிற வரை கண்ணை எடுக்கவில்லை.

எண்பத்து நாலு. கால் எலும்புக்குள் இருக்கிற தகடும் ஆணியும் சேர்த்து.

சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கேயாவது எழுதி வை.

தம்பி